ஒட்டுகிற மண்

பரமாரிபோவின் கைசர் தெருவில்
யூதர்களின் தொழுகைக்கூடமும் பள்ளிவாசலும்
தோளுரசி நிற்கின்றன.
வெள்ளிக்கிழமை கார் நிறுத்த இடமில்லையென்றால்
ஒருவர் வாசலை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

என் வேலை எண்ணுவது.
வேனில் ஏறும்போது பதினான்கு தலை.
யாராவது கழிவறைக்குப் போனால் பதின்மூன்று.
பாடம் சொல்வது ஹெர்மீன் டீச்சர்.
கடவுளைப் பற்றி என்னிடம் கேட்டால்
வாரத்துக்கு ஒரு பதில் சொல்வேன்;
அதனால் யாரும் கேட்பதில்லை.

பதினான்கில் ஒருவன் ரிவெலினோ. ஐந்து வயது.
பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தில்
அவன் அப்பா கையெழுத்துப் போடவில்லை.
"வெளியிலிருந்து பார்க்கட்டும். உள்ளே கூடாது"
என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.
அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது.

முதல் கதவு திறந்தது.
உள்ளே தரையெங்கும் மணல்.
பித்தளைச் சரவிளக்குகளுக்குக் கீழே,
மெழுகிட்ட பலகைகளுக்குக் கீழே
ஆற்றங்கரையை அள்ளிவந்து கொட்டியதுபோல் மணல்.
வாசலில் என் கையைப் பிடித்திருந்த ரிவெலினோ
"வாளி கொண்டுவரலியே" என்றான்.

சாவி வைத்திருந்தவர் சொன்னார்:
பாலைவனத்தில் அலைந்த நினைவுக்கு என்பார்கள் சிலர்.
வேறு சிலர் சொல்வது,
எங்கள் முன்னோர் வேறொரு தேசத்தில்
ஒளிந்து ஒளிந்து தொழுதார்களாம்.
தெருவில் போகிற சிப்பாய்க்குக் காலடி கேட்காதிருக்க
மணல் பரப்பினார்களாம்.

பாலைவனம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.
அடுத்த பத்து நிமிடம்
பதின்மூன்று பேரும் திருடர்கள்போல் நடந்தார்கள்.
ஹெர்மீன் டீச்சர் "ஓடாதீர்கள்" என்றார்.
"டீச்சர், எனக்குக் கேட்கல!" என்றது ஒரு குரல்.
"நான்தான் நடக்கவே இல்லையே!" என்றது இன்னொன்று.

அங்கிருந்து பள்ளிவாசல்.
படியில் இருபத்தாறு காலணிகள்,
காவலுக்கு நானும் ரிவெலினோவும்.
அவன் காலணி அவன் காலிலேயே இருந்தது.
உள்ளேயிருந்து சன்னல் வழியே சுமியாத்தியின் குரல்:
"எங்க மாமா கிழக்கே பார்த்துத் தொழுவாரு,
சித்தப்பா மேற்கே. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க.
எது சரி?"
டீச்சர் இருமினார்.
"எனக்கும் அப்படி ஒரு சித்தப்பா உண்டு, அம்மா"
என்றார் இமாம். அதற்குமேல் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் அமைதி.
பிறகு அவளே கண்டுபிடித்துக் கத்தினாள்:
"இங்கேயும் கால் சத்தம் கேட்கல!
இங்கேயும் ஒளிஞ்சுதான் கும்பிட்டாங்களா?"
கம்பளத்தின் மேல் பதின்மூன்று திருடர்கள்
மறுபடி பூனைநடை போட்டார்கள்.
இமாமின் பதில் எனக்குக் கேட்கவில்லை.
ரிவெலினோ சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எண்ண எனக்கு எதுவும் மிச்சமில்லை;
மூன்றாம் முறையாகக் காலணிகளை எண்ணினேன்.

முதலில் வெளியே வந்தவள் சுமியாத்தி.
நடையை மாட்டப் போனவள் நின்றாள்.
வலது காலணியைத் தூக்கி,
"கையை நீட்டு" என்றாள் அவனிடம்.
கவிழ்த்துத் தட்டினாள்.
அரைக் கரண்டி மணல் இருக்கும்.
அடுத்து வந்தவனும் தட்டினான்,
அதற்கடுத்தவளும்.
அனுமதிக் கடிதம் பற்றி
அவர்களுக்கு யார் சொன்னார்களோ, நான் இல்லை.
உள்ளங்கை நிறைந்ததும்
அவன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்,
பையின் வாயை இறுகப் பொத்தியபடி
தலைமைத் தேவாலயம்வரை வந்தான்.

அந்தத் தேவாலயம் முழுக்க மரம்.
ஒவ்வோர் அடிக்கும் பலகை முனகியது.
"இங்கே சாமிக்கு எல்லாம் கேட்கும்"
என்று யாரோ பயந்து கிசுகிசுத்தார்கள்.
வாசலில் நின்ற ரிவெலினோ
நுனிவிரலால் படியின் ஓரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.
கிறீச்.
என்னைப் பார்த்தான். நான் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவன் அப்பா வந்தார்.
துறைமுக வேலை, முழங்கைவரை கிரீஸ்.
"துணி துவைக்கிற இயந்திரத்தில் மணல்.
எங்கே கூட்டிப்போனீங்க இவனை?"

"எங்கேயும் உள்ளே போகலை, ஐயா.
மத்த பிள்ளைங்க காலணியில ஒட்டியிருந்தது."

எங்கே உருண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
அவர் அதையெல்லாம் சொல்லவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்,
நான்காய் மடித்த செய்தித்தாள்.
"கொட்டக் கூடாதுன்னு ராத்திரி முழுக்க அழுதான்.
இங்கேயே எங்காவது வைங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.
இன்னும் ஈரமாயிருந்தது,
சோப்பு வாசனை வீசியது.