ஐந்து மில்லி

காலை எட்டு மணியிலிருந்து
என் காதில் தண்ணீர்.
ஆறாயிரம் லிட்டரா, ஒன்பதாயிரமா,
சம்ப் எத்தனை அடி,
லாரி திரும்ப இடம் இருக்கா.
புக் பண்ணி நாலு நாளாச்சு மேடம்.
வீட்ல விசேஷம் மேடம்.
உங்க வீட்ல மட்டும் குழாய் வருதா மேடம்?

வருவதில்லை.
நானும் புக் செய்துதான் குளிக்கிறேன்.
அதைச் சொல்ல
எங்களுக்கு அனுமதி கிடையாது.

கொளத்தூரில் மூன்றாவது மாடி.
துணிக்கொடிக்கு அப்பால்,
பக்கத்து வீட்டு ஏசி ஊதும் அனல் எட்டாத மூலையில்
ஒன்றரை அடி இரும்பு ஷெல்ஃப்.
முப்பத்தேழு சட்டிகள்.
பெரியது காபி டம்ளர் அளவு,
சிறியது இருமல் மருந்தின் மூடி.

ஹவோர்த்தியாவுக்கு இலைநுனியில் ஜன்னல்.
வெயிலைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைக்கும்.
எச்செவேரியா தனக்குத் தானே மாவு பூசிக்கொள்ளும்;
ஒருமுறை விரல் பட்டுவிட்டால்
அந்த இலை உதிரும்வரை
என் ரேகை அதில் இருக்கும்.
லித்தாப்ஸ், கூழாங்கல்லாக நடிக்கும்.
கீழ்வீட்டு ரெஜினா குனிந்து பார்த்து,
கல்லுக்கா அறுநூறு ரூபா, என்றாள்.
பிறகு,
கூட்டுல போடலாமா?

ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஐந்து மில்லி.
இலையில் படாமல், சட்டியின் விளிம்போரம்.
பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை.
கத்திரியில் அதுவும் வேண்டாம்,
தூங்குகிறவற்றை எழுப்பிக் குடிக்கச் சொன்னால்
வேரிலிருந்து அழுகிவிடும்.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
ஒரு இலையை லேசாக அழுத்துவேன்.
கல் மாதிரி இருந்தால்
போய்வா என்கிறது.

தங்கையின் பிரசவத்துக்கு அரக்கோணம் போனேன்.
நான்கு நாள்.
திரும்பியபோது உலகநாதன்
கையில் மக்குடன் நின்றார்.
பாவம், வாடியிருந்துச்சு, என்றார்.
தினமும் ஊத்தினேன்.
மறக்கவே இல்ல.

தொட்டால் தேநீரில் நனைந்த பிஸ்கட்.
ஏழு சட்டிகள்.
பதினாறு வருடக் கல்யாணத்தில்
அவர் ஒன்றை மறக்காமலிருந்தது இதுதான்.
வாயைத் திறந்தேன்,
வந்தது ஆபீஸ் குரல்:
பரவாயில்லை சார்,
உங்கள் புகார் பதிவாகிவிட்டது.

ஒன்றை மட்டும் அறுத்தேன்.
புது பிளேடால், தண்டில் பழுப்பு வளையம்
மறையும் இடம் வரைக்கும்
வில்லை வில்லையாக.
மிஞ்சியது தலை மட்டும்.
மண்ணில் வைக்கக் கூடாது, உடனே.
காலி டம்ளர் வாயில் உட்காரவைத்து
நிழலில் விட வேண்டும்.
காயம் காய வேண்டும்.
இரண்டு சொல்லும் இப்படி
ஒட்டிக்கொண்டிருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

டிசம்பரில் பிடித்தது மழை.
ஏப்ரலில் ஒன்பதாயிரம் கேட்ட
நொளம்பூர் பெரியவர் கூப்பிட்டார்.
முழங்கால் அளவு நிக்குது மேடம்,
எடுத்துட்டுப் போக வண்டி அனுப்புங்க.
அதே எண், அதே சம்ப்,
அதே மேடம்.

ஷெல்ஃபைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தோம்.
முதல் நாள் கரண்ட் போனது.
இரண்டாம் நாள் இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.
உப்பு ஜாடியில் உப்பு இல்லை, குழம்பு.
தீக்குச்சியின் தலை பெட்டியிலேயே உதிர்ந்தது.
இவற்றுக்குக் காற்று வேணுமே, என்றேன்,
யாரிடமும் இல்லாமல்.

நள்ளிரவில் விழித்தபோது
சர், சர் என்று ஒரு சத்தம்.
மெழுகுவர்த்தியைத் தள்ளிவைத்துவிட்டு
யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையால்
உலகநாதன் விசிறிக்கொண்டிருந்தார்,
தனக்கு இல்லை.
மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு.
கழுத்தில் வியர்வை.
லித்தாப்ஸ் பக்கம் வந்ததும் கொஞ்சம் தயங்கி
அதற்கும் இரண்டு வீச்சு.

நான் எழுந்திருக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு
டம்ளரை ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன்.
காய்ந்த தண்டின் அடியிலிருந்து
இளஞ்சிவப்பில் ஒரு நூல்,
வெறும் காற்றில் இறங்கி
எதையோ தேடியது.
பின்னாலிருந்து அவர் எட்டிப்பார்த்தார்,
சிரிஞ்சை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார்.
சரியாக ஐந்து.

இன்னும் நாலு நாள், என்றேன்.
நாலா, என்றார்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு அந்த ஐந்து மில்லியைத்
தன் வாயில் பீய்ச்சிக்கொண்டு
பேப்பர் படிக்கப் போனார்.