பாக்கி

வியோலா என்றால் வயலினுக்கு அக்காவா என்று
தலவாக்கலை மண்டபக் காவலாளி கேட்டார்.
ஆமாம் என்றேன்.
இருபத்தாறு வருசமாக அதே பதில்தான்.

பெர்னதெத் முதல் வயலின். கணக்கு டீச்சர்.
நாங்கள் பிந்தினால் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பாள்.
இரண்டாவது நிஸ்ஸங்க, நுவரெலியாக் கச்சேரியில் காணிப் பிரிவு;
பகலிலும் கச்சேரி ராவிலும் கச்சேரி என்கிற
ஒரே ஒரு பகிடிக்காகத் தமிழ் படித்தவன்.
ரம்சீனின் செலோவுக்கு பஸ்ஸில் தனி டிக்கட்,
ஜன்னலோர சீட்.

நானுஓயாவில் ரயில் நாலு மணித்தியாலம் பிந்திய இரவில்
ஒரு சட்டம் போட்டோம்:
செத்தவர் எழுதியதை வாசிப்பதில்லை.
பசியில் போட்டது. ஆனாலும் சட்டம்.

அன்றிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம்
மை காயாத தாள்.
வில்லின் மரப்பக்கத்தால் தட்டச் சொன்னவை,
ஒரே சுரத்தில் ஏழு நிமிடம் நிற்கச் சொன்னவை.
வட்டவளையில் மண் சரிந்து வழி மூடிய நாள்
மாட்டிக்கொண்ட பஸ் சனத்துக்கு
அந்த ஏழு நிமிடத்தை வாசித்தோம்.
முடிந்ததும் கண்டக்டர் கேட்டார்,
"சரி, எப்ப தொடங்குவீங்க?"

மழைக்காலத்தில் பிருடை ஊதிப்போய்த் திரும்பாது.
பனி ஏறினால் தந்தி இறங்கும்.
மண்டபத்தில் பதினொரு பேர், அதில் இருவர்
மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர்களையும்
பதிவில் சேர்த்துக்கொள்வோம்.

பிறகு ஞானரூபன் வந்தான்.
லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில்
கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை.
நிறுவைத் துண்டின் பின்புறத்தில்
ஐந்து கோடு இழுத்து எழுதினவன்.
கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம்.
கொஞ்சம் காசு, ரெண்டு கிலோ தேயிலைத் தூள் என்றான்.
"நல்ல தூள். நாங்க குடிக்கிற தூள் இல்ல."

அவனுடைய மூன்றாவதற்கு 'அரைப்பேர்' என்று பெயர்.
ஒரு நாள் நிறுவை முழுவதையும்
நான் வியோலாவில் விரலால் மீட்டவேண்டும்,
ஆளுக்கு எத்தனை கிலோவோ அத்தனை மீட்டு.
பதினெட்டுக்குக் குறைந்தவளுக்கு
மற்ற மூவரும் பாதி வில்லில் நிறுத்திவிடுவார்கள்.
தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வாசித்தோம்.
எழும்பிப் போனவர்கள் போனார்கள்.
கடைசியில் ஒருத்தி வந்தாள், சிவனம்மா:
"ஒம்பதாவது ஆளு நாந்தான்.
பதினாறு கிலோ. நீங்க பதினேழு தட்டுனீங்க.
அந்த ஒண்ணு இருந்திருந்தாலும் அரைப்பேருதான்,
சும்மா சொல்றேன்."

பத்திரிகைகள் எழுதியவை ஒரு கோப்பில் இருக்கின்றன.
இதை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

போன ஐப்பசியில், நாலாவதை எழுதிக்கொண்டிருக்கையில்,
ஞானரூபன் செத்துப்போனான். சிறுநீரகம்.
இரண்டு பாகம் முழுசு. மூன்றாவதில் என் வரி மட்டும்,
மற்ற மூவருக்கும் வெறும் கோடு.

சட்டம் சட்டந்தான் என்றாள் பெர்னதெத்,
கண்ணாடியைக் கழற்றிவிட்டு.
ரம்சீன் வில்லுக்கு ரோசின் போட்டான்,
போட்டுக்கொண்டே இருந்தான்.
நிஸ்ஸங்க கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்து
காணிப் பிரிவுக் குரலில் வாசித்தான்:
"ஞானரூபன், நாலாவது. காசு கொடுத்தாயிற்று.
ரெண்டு கிலோ தூள் பாக்கி."
புத்தகத்தை மூடினான்.
"பாக்கி உள்ள ஆளைப் பதிவிலிருந்து வெட்ட ஏலாது."

தூளை வாங்கிவிட்டோம். கொடுக்கவில்லை.
அவன் தங்கச்சி இந்த ஊரில்தான் இருக்கிறாள்,
இன்றைக்கு வரக்கூடும்.
பை செலோப் பெட்டிக்குள்;
திறக்கும்போதெல்லாம் மேடை ஸ்டோர் மாதிரி மணக்கிறது.

ஜன்னல் மூடாது. தாள்களைத்
துணிக் கிளிப்பால் கவ்வியிருக்கிறோம்.
மூன்றாவது பாகம். அவர்கள் மூவரும்
வில்லைத் தந்திக்குக் கிட்டப் பிடித்தபடி, தொடாமல்.
பின்கதவு திறந்து குளிர் வருகிறது.
வந்தது யார் என்று பார்க்க
எனக்குக் கண்ணைத் தூக்க ஏலாது,
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.