பழகிய மட்டம்

விடியற்காலைப் பாதையில்
மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து வந்திருக்கிறார் பூபாலபிள்ளை.
சாரனின் கீழ்க்கரை இன்னும் ஈரம்.
களுவாஞ்சிக்குடி கிளினிக்கில் அவர் இலக்கம் ஏழு.
பட்டியைச் சுற்றிக் காற்றடித்து மெள்ள விடுகிறேன்.
நூற்றுத் தொண்ணூறில் கேட்கிறது
முதல் தட்டு.

"எனக்கொண்டும் செய்யல்ல மகள்."

வட்டை விதானை அவர்.
எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணித்தியாலம்,
எந்தத் துருசை எத்தனை சுற்றுத் திருகுவது,
இரவில் வரம்பு வெட்டினவன் ஆர்,
எல்லாம் தெரியும்.
தெரியாதது
தன் தாடைக்குக் கீழே
தமனி கவர்படும் இடத்தில்
ஒருவன் குந்தியிருக்கிறான் என்பது.

சுவர் இழுபடுகிறதா, தொய்கிறதா,
அதைத் தொட்டுப் பார்ப்பதொன்றே அவன் வேலை.
விம்மினால் மேலே சொல்லிவிடுவான்:
நெஞ்சு நிதானிக்கும், குழாய்கள் இளகும்.
களை பிடுங்கக் குனிந்த மனிசன்
சடாரென நிமிர, இரத்தம் காலுக்கு இறங்க,
கண் இருளுமுன்
இரண்டு துடிப்பில் சரிக்கட்டியவன் அவன்தான்.
அறுபத்திரண்டு வருசம். சம்பளமில்லை.

இன்னும் கீழே சிறுநீரகங்கள்.
அவசரமில்லாத கணக்கர்கள்.
நேற்றைய கருவாட்டின் உப்பை
இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்,
உப்பு நிற்கும் இடத்தில் நீரையும் நிறுத்தி.

பிறகேன் நூற்றுத் தொண்ணூறு?

வெள்ளம் மாதக்கணக்கில் வடியாவிட்டால்
மட்டம் பார்ப்பவனே
பழைய கீறலை அழித்து
மேலே ஒன்று கீறிவிடுகிறான்.
காவல் தூங்கவில்லை.
விழித்திருந்து
அந்த உயரத்தையே காக்கிறது.

எனக்கு இது புதினமில்லை.
சோதனைச் சாவடியில் இறங்கி, நடந்து, ஏறி,
இறங்கி, நடந்து, ஏறி
வேலைக்கு வந்த வருசங்களில்
நெஞ்சு அமைதியாகத்தான் இருந்தது.
ஒருநாள் பஸ் நிற்காமல் போனது.
அன்றைக்குத்தான் படபடத்தது.

"ராவைக்கு ஒரு குளிசை.
முதல் கிழமை தலை சுத்தும்.
நிப்பாட்டிப்போடாதீங்க."

அவர் வெறுங்காற்றில்
ஒரு கைபிடியைத் திருகிக் காட்டினார்,
கால் சுற்று, அவ்வளவுதான்.
"ஒரேயடியாப் பூட்டினா
கடைக்கண்டம் காய்ஞ்சிடும், என?"

மெய்தான், என்றேன்.
கொப்பியில் இலக்கத்தை எழுதினேன்.

ஒன்பதே முக்கால் பாதைக்கு அவசரம்.
எழும்பினார். மேசை விளிம்பைப் பிடித்தார்.
இரண்டு துடிப்பு.

நடந்தார்.