ஒருபக்கச் சாணை

அர்னால்டு கப்பலிலிருந்து கொடுத்தனுப்பிய கத்தி
மூன்று மாதம் பீரோவில்
கல்யாணப்பட்டுக்கு அடியில் கிடந்தது.
ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.
அலகில் நான்கு எழுத்து,
யாருடைய பெயரோ.

நேற்று ராத்திரி வண்டிக்குக் கொச்சியிலிருந்து
தூத்தூர் வந்து சேர்ந்தார் ததேயுஸ்,
தெர்மோகோல் பெட்டியும் தாடியுமாக.
பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே
கேரையின் முதுகுத்துண்டு, நாலு கிலோ.
கம்பெனிக்காரன் வாலருகே குழாய் குத்தி
ஒரு நூல் இறைச்சி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தானாம்.
நிறம் போராது என்று தள்ளினானாம்.

எங்கோ யாரோ பச்சையாய்த் தின்பதற்காக
தலையில் ஆணி இறக்கி, ரத்தம் வடித்து
இருபத்தேழு வருஷமாய் ஐஸில் புதைக்கிறவர்
ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை.
"அவனுவ தள்ளினத நாம தின்னு பாப்பம்" என்றேன்.
"ஒனக்குக் கிறுக்கு" என்றார்.

முதலில் கரண்ட் பில்லை வெட்டிப் பார்த்தேன்.
சத்தமே இல்லை.
ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய்
எந்தப் பாதியில் போனதென்று
தேடவேண்டி வந்தது.

அர்னால்டு குரலில் அனுப்பியிருந்தான்:
அமுக்காதே, அறுக்காதே.
பிடியருகே தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பு,
தூங்கும் பிள்ளையின் கழுத்தடியிலிருந்து
கையை உருவுவதுபோல.
கல்யாணமே ஆகாதவன்,
எங்கே படித்தானோ.

உருவினேன்.
துண்டு மேலே விரல் கனம்,
கீழே வெங்காயத் தோல்.
இரண்டாவதும் அப்படித்தான்,
அலகோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஐந்தாவது துண்டில்தான்
கத்தியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
வலப்பக்கம் சாய்வு.
இடப்பக்கம் பலகைபோல் தட்டை.
வலக்கைக்காரர்களுக்கென்று
ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்தது.

நானோ இடக்கை.
மறைக்கல்வி சிஸ்டரின் ஸ்கேல்
மொழியில் பட்டுப்பட்டும் மாறாத இடக்கை.
ஒரே தட்டில் தின்று வளர்ந்த தம்பி
பக்கத்தில் உட்கார்ந்து
எத்தனை மீன் வெட்டப் பார்த்திருப்பான்!
மறந்திருக்கிறான்.
அல்லது எல்லாக் கத்தியும்
எல்லாக் கைக்கும் என்று நினைத்திருக்கிறான்.

"இஞ்ச கொண்டா."
அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே வருகிறவர்
கைலியை மடித்துக் கட்டினார்.
அவர் கை வலக்கைதான்,
ஆனால் கயிற்றுக்குப் பழகிய கை.
ஒரே அமுக்கு.
மீன் துவையலானது.

மிச்சத்தை நானே வாங்கி
வலக்கையில் பிடித்தேன்.
சிலுவை போடவும் சோறு உண்ணவும் தவிர
வேறொன்றுக்கும் பழக்காத கை,
தேங்காய் உடைத்ததில்லை, துணி பிழிந்ததில்லை,
யாரையும் அடித்ததில்லை.
அமுக்கத் தெரியாது அதற்கு.
வெறுமனே பின்னால் வந்தது.
துண்டு ஓசையில்லாமல் சாய்ந்து படுத்தது,
மேலும் கீழும் ஒரே கனம்,
வெட்டிய முகத்தில் ஜன்னல் தெரிந்தது.

நித்திரவிளையில் ஃப்ரைட் ரைஸோடு கொடுத்த
சோயா பொட்டலம் ஒன்று மிச்சமிருந்தது.
அதில் காந்தாரி மிளகு நசுக்கி
நாரங்காய் பிழிந்தேன்.
நான் முதலில்.
கவிச்சி இல்லை.
குளிர், பிறகு நெய், பிறகு
எரிப்பு முந்திக்கொண்டது.

அவர் ரொம்ப நேரம் மென்றார்.
"இதுக்காக்கும்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
இன்னொன்று எடுத்தார்.

பத்து மணிக்குள்
மீதி மூன்றரைக் கிலோவும்
பழைய வெட்டுகத்தியும் என் இடக்கையுமாக
தடக் தடக்கென்று சட்டிக்குப் போனது.
மரச்சீனி வேறு அடுப்பில் வெந்தது.
புதுக்கத்தியைத் துடைத்து
தேங்காய் எண்ணெய் தடவி
பட்டுக்கு அடியில் வைக்கவில்லை,
தட்டுக்குப் பக்கத்தில் சாத்தினேன்.

நல்ல கத்தி என்று அனுப்பினேன்.
எந்தக் கை என்று எழுதவில்லை.
அத்தான் தின்னாரா என்று கேட்டான்.
ரெண்டு, என்றேன்.
மூன்றாவதைப் பூனைக்கென்று
உள்ளங்கையில் பொத்தி
பின்வாசலுக்குப் போயிருந்தார்.
பூனை
என் காலடியில்தான் நின்றது.