அளவை

பிரம்மநாயகம் அண்ணாச்சி தேர்தலில் நின்றதில்லை.
நிற்கிறவர்கள் அவர் குடோனில் வந்து நிற்பார்கள்,
வத்தல் மூட்டைகளுக்கு நடுவே
தும்மலை அடக்கிக்கொண்டு.
இரண்டு கட்சிக்கும் ஒரே கனத்தில் கவர்.
ஒன்றுதான் கேட்பார்:
"ஜெயிச்ச பொறவு போனை எடுப்பீருல்லா?"

புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆறு ஏக்கர் கொடுத்தார்,
பைசா வாங்காமல்.
மேடையில் பொன்னாடை, நாதஸ்வரம்.
அந்த ஆறையும் அளந்த சர்வேயர் நான்.
சுற்றிலும் நாற்பத்து மூன்று ஏக்கர்
யார் யார் பேரில் கிடந்தது என்பதும் தெரியும்:
மச்சினன், மச்சினனின் டிரைவர்,
டிரைவர் கும்பிடுகிற சாஸ்தா பேரில்கூட
ஒன்றரை ஏக்கர்.

பிறகு திருநெல்வேலி அந்தப் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்தது.
கார் ஷோரூம். ஸ்கேன் சென்டர்.
ஏசி வைத்த கல்யாண மண்டபம்.

இடையில் ஒரு வாய்க்கால் ஓடியது.
பழைய புலப்படத்தில் பதினெட்டு லிங்க்ஸ் அகலம்.
மேலிருந்து சொன்னார்கள்,
புதுப் படத்தில் அதை ஒற்றைக் கோடாக்கினேன்.
அடுத்த படத்தில் அந்தக் கோடும் வேண்டாமென்றார்கள்.
பென்சில்தானே.
ரப்பர் துகளை ஊதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்தக் கார்த்திகையில் ஞானசெல்வத்துக்குக் கால் வீங்கியது.
கிரியாட்டினின் ஒன்பது.
ஆவுடையம்மாள் அறக்கட்டளை, டயாலிசிஸ் இலவசம்,
செவ்வாயும் வெள்ளியும், நாலு நாலு மணி நேரம்.
அண்ணாச்சியின் அம்மா
மிஷினில் ஸ்டிக்கராக இருக்கிறாள், இரட்டை மூக்குத்தியோடு.
என் பெண்டாட்டியின் ரத்தம்
அவள் முகத்துக்குக் கீழே போய்ப் போய்த் திரும்புகிறது.
பதிலுக்கென்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
ஒருநாள் வராண்டாவில் என் தோளைத் தொட்டு
"வீட்ல ஒழுங்கா சாப்பிடுதாகளா?" என்றார்.
நல்ல மனுஷன்தான், பொய்யில்லை.

போன ஐப்பசியில் மழை
அந்த ஆறு ஏக்கரில் இறங்கி
பஸ்களுக்கு நடுவே ராத்திரி முழுக்க நின்றது,
வழி கேட்கிற வெளியூர் ஆள் மாதிரி.
மறுநாள் இரண்டு கட்சியும் படகில் வந்தார்கள்.
பொட்டலம் அண்ணாச்சியுடையது.
எலுமிச்சை சாதம், சூடு ஆறவில்லை.
நானும் இரண்டு வாங்கினேன்.

டாக்டர் எழுதிய சீட்டு சமையலறைச் சுவரில் இருக்கிறது:
ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி, கஞ்சியும் சேர்த்து.
ஞானசெல்வம் டம்ளரை நீட்டுகிறாள்.
குனிந்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து,
கோடு வரை ஊற்றுகிறேன்.
ஒரு சொட்டு கூடினாலும்
அவள் பார்க்கப் பார்க்கத் திரும்ப எடுத்துவிடுவேன்.

அளவில் நான் தப்புப் பண்ணியதாக
இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.