இருபது புள்ளி நான்கு

கோத்தகிரி மூடுபனிக்கு
ஜன்னல் ஒரு பொருட்டில்லை.
உடைந்த கண்ணாடி வழி நுழைந்து
பியூரெட்டின் கோடுகள்மேல் குந்தியிருந்தது.
யோகராணி துப்பட்டா நுனியால் துடைத்தாள்.
பதினெட்டு. பத்தொன்பது. மெல்லத் திற.
குடுவையை நான் சுழற்ற,
விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் தோன்றி
உடனே இல்லையென்றது.

"இன்னும் ஒரே சொட்டு."
இரண்டு விழுந்தது.
பஞ்சுமிட்டாய்ச் சிவப்பு!
ஜெசிந்தா மிஸ் திரும்புமுன்
வாளியில் கொட்டினோம்.

கீழ்ச்சரிவில் அந்நேரம் அவள் அம்மா
புருவம்வரை வெளுத்து
டோலமைட் தூவிக்கொண்டிருப்பாள்.
தேயிலைக்குப் புளிப்பு வேண்டும், மிஞ்சக் கூடாது.
எத்தனை மூட்டையென்று சூப்பர்வைசர் சொல்வார்.
சரியா தப்பா என்று
அடுத்த வருஷம் மண் சொல்லும்.
எங்களுக்கு மணியடிக்க எட்டு நிமிஷம்.

மூன்றாம் முறை வந்துவிட்டது:
நகக்கண்ணின் நிறம், அவ்வளவுதான்.
இருபது புள்ளி நான்கு என்று எழுதி நிமிர்வதற்குள்
அதையும் காற்று குடித்துவிட்டது.
நோட்டில் மட்டும் இருந்தது எண்.

"அமிலத்தில் லிட்மஸ் சிவக்குது.
ஆபீஸ் ஓரத்து ஹைட்ராஞ்சியா
அமில மண்ணில் நீலமாகுது.
யார் மிஸ் பொய் சொல்றது?"
பாடத்தில் இல்லை என்றார் மிஸ்.
பிறகு கொஞ்ச நேரம்
செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய காரத்தை அந்த வருஷம் முழுக்க
செடியின் இடப்பக்கமே ஊற்றினோம்,
யாருக்கும் சொல்லாமல்.
பரீட்சை முடிந்து டி.சி. வாங்கப் போனபோது
இடப்பக்கக் கொத்து ஒன்று
நீலத்தைப் பாதியில் விட்டிருந்தது.
யோகராணி குனிந்து,
கண்மட்டத்தில் வைத்து,
ரீடிங் எடுப்பதுபோல் பார்த்தாள்.