மாற்றுரை

இரும்புக்கடைக்கு மேல்மாடி.
கீழே கம்பி அறுத்தால்
எங்கள் மேசையில் மௌஸ் நடுங்கும்.
ஹட்டன் மழை தகரத்தில் இறங்கினால்
அஸ்மிர் சேர் வாயசைப்பது மட்டும் தெரியும்;
முதல் மாதப் பாடத்தில் பாதியை
உதடு பார்த்தே படித்தேன்.

பதினோரு கணினி, பதினாறு பேர்.
எனக்கும் நிலோஜிக்கும் ஒரே திரை.
அவள் இடதுகைக்காரி, அது வசதி.

எல்லாம் பெட்டிதான் என்றார் சேர்.
எழுத்து ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி;
உள்ளே கொஞ்சம் இடைவெளி, சுற்றிவர ஒரு கோடு,
கோட்டுக்கு வெளியே
அடுத்தது வந்து முட்டாமல் இன்னும் கொஞ்சம்.
அந்த வெளி இடைவெளியைப் பூச்சியம் ஆக்கினேன்.
பெட்டிகள் சுவரோடு சுவர் ஒட்டி
வரிசையாக நின்றன.
“லயம்” என்றாள் நிலோஜி.
சிரித்த சிரிப்பில் யூபிஎஸ் கூவியது கேட்கவில்லை;
சேமிக்காத ஒன்றரை மணித்தியாலம்
கரண்டோடு போயிற்று.

என் பெயரைத் தலைப்பில் போட்டேன்.
பாமினியில் அடித்தது
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறி
யாரோ ஒருத்தியின் கடவுச்சொல் போலக் கிடந்தது.
யுனிகோட் என்ற ஒற்றைச் சொல் கைக்கு வர
மூன்று நாள்.

பிறகு நிறம்.
மருந்து விடும் சொட்டுக்குழல் போல ஒரு கருவி,
படத்தில் எங்கே வைத்தாலும்
அந்த இடத்து நிறத்தை ஆறு எழுத்தில் சொல்லும்.
தேயிலை பச்சை என்றுதான்
இருபது வருடமாக நினைத்திருந்தேன்.
வைத்துப் பார்த்தால்
கொழுந்து மஞ்சள், முற்றல் ஏறக்குறையக் கறுப்பு,
தூரத்து மலை நீலம்.
அம்மாவின் விரல்நுனிக் கறைக்கும் ஓர் எண் வந்தது.
குறித்து வைத்திருக்கிறேன்.
எந்தப் பக்கத்துக்கும் இன்னும் பொருந்தவில்லை.

கடைசி வேலை உண்மையான வேலை:
உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுக்கும் ஒரு பங்களா.
படத்தை அவர்களே அனுப்பினார்கள்.
பனி, ஓட்டுக் கூரை, சரிவு,
சரிவின் இடது மூலையில்
காற்றுக்குக் கல் ஏற்றிய நீளத் தகரம்.
கூடவே ஒரு வரி:
‘இடப்பக்கக் கட்டடத்தை எடுத்துவிடவும்.’

எங்கள் லயம் இல்லை. எங்களுடையது மஸ்கெலியாப் பக்கம்.
இருந்தாலும் கதவுகளை எண்ணினேன். பன்னிரண்டு.
ஒன்பதாவதில் ஒரு சிவப்புச் சட்டை காய்ந்தது.

ஆல்ட் விசையைப் பிடித்து, நல்ல செடி ஒன்றைத் தொட்டு,
வேண்டாததன் மேல் தேய்க்க வேண்டும்.
மூன்றாம் கதவில் தேயிலை முளைத்தது.
பீலிக்கரையில் தேயிலை. சட்டையின் மேல் தேயிலை.
ஒரே செடியை வைத்தால் கண் பிடித்துவிடும்,
ஆகையால் ஐந்து செடிகளை மாற்றி மாற்றி எடுத்தேன்.
நன்றாகவே செய்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.
சேர் பெரிதாக்கிப் பார்த்து
“ஒட்டே தெரியல்லையே” என்றார்.
பெருமையாக இருந்தது,
பஸ் ஏறும்வரைக்கும்.

மறுநாள் ஒரு வெற்றுக் கட்டம் மிச்சமிருந்தது.
பார்வை இல்லாதவருக்கும், படம் இறங்காதவருக்கும்
படத்தில் என்ன இருக்கிறதென்று ஒரு வரி.
இதற்கும் பெயர் ஆல்ட்,
அழிக்கப் பிடித்த அதே விசையின் பெயர்.
‘பனி மூடிய தேயிலை மலை’ என்று
நிலோஜி அடித்திருந்தாள்.
அவள் தேநீருக்குப் போன நேரம் அதன்பின் சேர்த்தேன்:
‘இடப்பக்கம் பன்னிரண்டு கதவுள்ள லயம்.
ஒன்பதாம் கதவில் சிவப்புச் சட்டை காய்கிறது.’

யாரும் திறந்து பார்க்கவில்லை.
காசு வந்தது, பாதி அவளுக்கு.

எங்கள் பிரிவில்
தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் சிக்னல்,
அதுவும் ஒரு கோடு.
தம்பி போனைத் தூக்கிப் பிடித்தான்.
தலைப்பு வந்தது, விலைப்பட்டியல் வந்தது,
படம் இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் பெட்டிக்குள் என் எழுத்து.
அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்,
சட்டை காய்வது வரைக்கும்.

“படம் எங்க அக்கா?”

“இன்னும் வரல்ல” என்றேன்.